சம்மந்தியிடம் போகும் வழியில் மத்ரித்

எழுபத்திரண்டு வயதில் நான் வெளிநாட்டில் படிக்கும் மாணவனானதற்கு என் மகன் கோகுலனின் மொழிபெயர்ப்புத்தான் காரணம்.

கோகுலன் மணக்கப்போகும் லூயிஸா கொலம்பியாக்காரி. மொன்றியலில் தாதியாக வேலை செய்கிறாள். அவளுடைய தகப்பனார் எர்னெஸ்டோ பொகோட்டாவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்பானிஷ் தவிர வேறு மொழி அவருக்குத் தெரியாது. சென்ற வசந்தத்தில் காணொளி அழைப்பில்தான் அவரை முதன்முதலாகக் கண்டேன். ஊர் எது, தகப்பனார் என்ன தொழில், சகோதரங்கள் எத்தனை, அதில் கல்யாணமானவர்கள் எத்தனை, மனைவி காலமாகி எத்தனை வருடம் என்று ஐந்து கேள்வி கேட்டேன். மகன் அதை மூன்று சொல்லில் சுருக்கி ஏதோ கேட்டான். அவர் கைகளை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பதில் சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"நல்லா இருக்கிறாராம் அப்பா."

மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் இருபத்தாறு வருடம் இருப்புக் கணக்குப் பார்த்தவன் நான். உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் இவ்வளவு இடைவெளியை அங்கேகூடக் கண்டதில்லை. அடுத்த வாரமே டவுன்டவுனில் ஒரு மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கப் பெயர் கொடுத்தேன். வகுப்பின் கடைசிப் பகுதி ஸ்பெயினில், சலமாங்கா என்ற ஊரில் மூன்று வாரம்.

புறப்படுவதற்கு முதல்நாள் லூயிஸா அழுதுகொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு நாங்கள் தை மாதத்தில் நாள் வைத்திருந்தோம். ஐயர் மூன்று நாள் எழுதித் தந்தார், மூன்றும் தையில். மண்டபம் கிடைத்தது, மேளம் கிடைத்தது. எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அதில் ஒரு பிழையும் காணவில்லை. தையில் கல்யாணம் வைக்காமல் வேறு எப்போது வைப்பது?

"அப்பா வரமாட்டாராம்" என்று பிரெஞ்சில் சொன்னாள் லூயிஸா. "வருடத்திலேயே மிகக் குளிரான மாதத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள், அப்படியென்றால் நான் வருவது அவர்களுக்கு விருப்பமில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறார்."

அவளும் கோகுலனும் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். மனிதர் அசையவில்லை. என் மனைவி பரிமளம் என்னைப் பார்த்தாள்.

"பெரியாக்களோட பெரியாக்கள் கதைச்சால்தான் இது தீரும். வடிவாப் படிச்சுக்கொண்டு வந்து நீங்களே அந்த மனிசனோட கதையுங்கோ."

அந்தப் பாரத்தோடுதான் விமானம் ஏறினேன்.

சலமாங்கா வகுப்பில் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் பேரப்பிள்ளை வயதுக்காரர். மிச்சம் நானும் ஜினெட்டும். ஜினெட் வெர்டனில் முப்பது வருடம் ஒரு தெப்பனேர் நடத்தியவர். பாலும் பாணும் சிகரெட்டும் லொத்தர் சீட்டும் விற்கும் மூலைக்கடையை மொன்றியலில் அப்படித்தான் சொல்வோம். வருடாவருடம் குளிருக்குத் தப்பி கியூபாவுக்கு ஓடுகிறவர், அங்கே வாய் பேசாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறதென்று மொழி படிக்க வந்தவர். இரண்டாவது வெள்ளிக்கிழமை ஆசிரியை எங்களுக்கு ஒரு வேலை தந்தார். மத்ரித்துக்குப் போய், அறியாத ஒருவருடன் பத்து நிமிடம் ஸ்பானிஷில் பேசி, அதைத் தொலைபேசியில் பதிவு செய்து வரவேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் போட்டுக் கேட்பாராம். உதவிக்குப் பத்துக் கேள்வியும் சொல்லித் தந்தார். இளையவர்கள் இதற்குள் கிளம்பிவிட்டார்கள். முதியவர்கள் இருவரும் ஒன்றாகப் போவதென்று தீர்மானித்தோம்.

மத்ரித்தில் என் முதல் சண்டை மெத்ரோக் கதவோடு. மொன்றியல் மெத்ரோவில் கதவு தானாகத் திறக்கும், பயணி ஒழுங்காக நின்றால் போதும். இங்கேயும் நான் இறங்கவேண்டிய நிலையத்தில் கதவுக்கு முன்னால் பெட்டியோடு ஒழுங்காக நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. ரயில் புறப்பட்டது. பக்கத்துக் கதவால் இறங்கிவிட்ட ஜினெட் மேடையில் நின்று இரண்டு கையையும் ஆட்டுவது யன்னலில் தெரிந்தது. அடுத்த நிலையத்திலும் அதே கதை. அதற்கடுத்ததில், நாய்க்குட்டியைக் கைப்பையில் வைத்திருந்த ஒரு பெண்மணி என் தோளுக்கு மேலால் கையை நீட்டிக் கதவிலிருந்த பொத்தானை அமத்தினார்.

"பொத்தான் ஐயா, பொத்தான்! உங்கள் ஊரில் யார் திறந்துவிடுகிறார்கள்?"

"யாருமில்லை, அதுவே திறக்கும்" என்றேன். அவர் நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரித்தார். ஸ்பெயினின் தலைநகரில் நான் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வசனம் அது. பதிவு செய்திருக்கலாம்.

திரும்பி வரும்போது மறுபடி குழப்பம். இந்த ஊர் மெத்ரோ ரயில்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன, இலங்கைத் தெருவில் கார் ஓடுவதுபோல. சரியான மேடையைக் கண்டுபிடிக்க நாற்பது வருடத்துக்கு முந்தைய புத்தி தேவைப்பட்டது. மூன்று மின்படிகள் ஏறி வெளியே வந்தபோது ஜினெட் இரண்டாவது சிகரெட்டில் இருந்தார். "நான் பொலிசில் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு, உங்கள் மனைவியிடம் சொல்வது அதைவிடப் பயம் என்று விட்டுவிட்டேன்" என்றார்.

இங்கே சமையலறைகள் இரவு எட்டரைக்கு முன் திறப்பதில்லை. எனக்கு ஆறரைக்குச் சாப்பாடு, அதன் பிறகு மருந்து, நாலு குளிசை. குளிசைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூட்டிய உணவகங்களின் முன்னால் நடந்தோம். ஒருவழியாக ஒன்று திறந்தது. அன்று வெள்ளிக்கிழமை, அந்த நாளில் மட்டும் நான் சைவம். "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று பரிமாறுபவரிடம் தெளிவாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய் ஒரு தட்டில் பச்சைப்பட்டாணி கொண்டுவந்தார். அதற்குள் சிவப்பாகச் சிறு துண்டுகள். பன்றி.

"இது இறைச்சியல்லவா?"

"இல்லை ஐயா" என்றார் அவர், மனம் நொந்து. "இது ஹமோன்."

உலர்த்திய பன்றித்தொடை அவர்கள் கணக்கில் இறைச்சி அல்ல போலும். துண்டுகளை எண்ணி ஒதுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பத்தொன்பது வரைக்கும் எண்ணிவிட்டுத் தட்டை ஜினெட்டிடம் தள்ளினேன். அன்றிரவு எனக்குப் பாணும் ஒலிவங்காயும் ஒரு தோடம்பழமும். ஒலிவங்காய் நல்ல உப்பு, எங்கள் ஊறுகாயின் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

சனிக்கிழமை காலை சுரோஸ் சாப்பிட்டோம். முறுக்கு மாவைப் பிழிந்துவிட்டு, சுற்ற மறந்து, எண்ணெயிலிருந்து அவசரப்பட்டு எடுத்ததுபோல ஒரு பலகாரம். நொறுங்காது. கெட்டியான சொக்கிலேற்றில் தோய்த்துத் தின்னவேண்டும். சீனிவருத்தக்காரன் எண்ணிச் சாப்பிடவேண்டிய பண்டம், நானும் எண்ணித்தான் சாப்பிட்டேன், எண்ணிக்கையை இங்கே எழுதவில்லை, பரிமளம் இதைப் படிப்பாள்.

பிறகு பெரிய பூங்காவுக்குப் போனோம். படகுக் குளத்தின் கரையில் ஒரு இளைஞர் சும்மா இருந்தார். தொலைபேசியில் பதிவுப் பொத்தானை அமத்திவிட்டு, ஆசிரியை தந்த கேள்விகளைக் கேட்டேன். உங்களுக்குப் பிடித்த பருவகாலம் எது? கோடை. பிடித்த உணவு? பீட்சா. பொழுதுபோக்கு? ஒன்றுமில்லை. பத்துக் கேள்வியும் முடிந்தபோது பதிவில் ஒன்றரை நிமிடம்தான் இருந்தது.

"இதென்ன கேள்வி?" என்றார் ஜினெட். "எனக்கே நித்திரை வருகிறது. உங்களுக்கு நிஜமாகத் தெரிய விருப்பமானதைக் கேளுங்கள்."

பூங்கா வாசலில் ஒரு பெண் கஷ்கொட்டை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தென்னமெரிக்க முகம். நான் நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்பியதைக் கேட்டேன். எந்த ஊர்? தகப்பனார் பெயர்? சகோதரங்கள் எத்தனை? இங்கே வந்து எத்தனை வருடம்? யார் கூப்பிட்டது? கல்யாணமாகிவிட்டதா? யாழ்ப்பாணத்தார் இருவர் மொன்றியல் பேருந்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டு தரிப்பிடத்துக்குள் கேட்டு முடிக்கிற கேள்விகள் இவை. இதைக் கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு.

அந்தப் பெண்ணின் கை சுடுசட்டிக்கு மேல் அப்படியே நின்றது. என் மேற்சட்டையைப் பார்த்தார், கழுத்துப்பட்டியைப் பார்த்தார், நீட்டிப் பிடித்திருந்த தொலைபேசியைப் பார்த்தார்.

"நீங்கள் எந்த அரசாங்கக் கந்தோரிலிருந்து வருகிறீர்கள்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். "என் பத்திரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன."

ஜினெட் இடையில் பாய்ந்தார். தெரிந்த ஸ்பானிஷ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினார். இவர் மாணவர், கிழவர், நல்லவர், கனடா, கஷ்கொட்டை இரண்டு பொட்டலம். கடைசியில் அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொன்றியலில் என் அகதி விசாரணையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்டதும் இதே கேள்விகள்தான், ஏறக்குறைய இதே ஒழுங்கில். அன்று நான் பட்ட பயத்தை இன்று இன்னொருவரிடம் கண்டேன்.

மத்தியானம் கணவாய் பொரித்து வைத்த பாண் சாப்பிட்டோம். கணவாய் முதல்தரம். மிளகாய் கிடையாது. இத்தனை நல்ல கணவாயை இப்படி வெள்ளையாக விட எப்படி மனம் வந்ததோ! அப்போது பரிமளம் அழைத்தாள். மொன்றியலில் காலை.

"என்னப்பா, சாப்பிட்டியளோ? பக்கத்தில ஆர் சிரிக்கிறது?"

"அது ஜினெட். வகுப்பில படிக்கிறவ."

"படிக்கிற வயசே அவவுக்கு?"

"எனக்கு மட்டும் படிக்கிற வயசே?"

"அதைத்தானே நானும் கேக்கிறன். சரி, கதைக்கப் பழகியாச்சோ? லூயிஸா நேற்றும் வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தவள். மாப்பிள்ளை வீட்டில இருந்து ஒருத்தரும் தன்னோட கதைக்கேல்லை எண்டு தேப்பன் சொல்லுறாராம்."

"கோகுலன் கதைச்சவன்தானே?"

"அவன் கதைச்சால் கதைச்சதே? உங்களைத்தான் சொல்லுறன்."

கஷ்கொட்டைக் கதையை அவளிடம் சொல்லவில்லை. ஐந்து மாதம் படித்த மொழியில் ஒருவரை நித்திரையாக்கினேன், இன்னொருவரைப் பயப்படுத்தினேன். இதை வைத்துக்கொண்டு, கோபித்திருக்கும் ஒரு சம்மந்தியோடு என்ன பேசுவது?

ஞாயிறு காலை ஜினெட் பழைய சாமான் சந்தைக்குப் போய்விட்டார். எனக்குக் கூட்டம் ஒத்துவராது. தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சதுக்கம், மரங்களின் கீழ் உட்கார வாங்குகள். எல்லாவற்றிலும் கிழவர்கள். மொன்றியலில் எங்கள் வயதுக்காரர் ஞாயிறு காலைகளில் வணிக வளாகத்தில் கோப்பியோடு இருப்பார்கள். இங்கே வெயில் இலவசம். இடம் கண்ட வாங்கில் இருந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் தடியில் தாடையை ஊன்றி என்னை நன்றாகப் பார்த்தார். எண்பது தாண்டியவர். பிறகு கேட்டார்:

"நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?"

சரியாக விளங்கியதா என்று சந்தேகமாக இருந்தது. திரும்பக் கேட்டேன்.

"யாருடைய மகன் என்று கேட்கிறேன். என் ஊரில் புதிதாக யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்போம். இந்த மத்ரித்தில் கேட்க ஆளில்லை. அறுபது வருடமாக இங்கே இருக்கிறேன், மேல்மாடிக்காரனுக்கு என் தகப்பன் பெயர் தெரியாது."

எழுபத்திரண்டு வயதில், ஸ்பெயினில், ஒருவர் என்னிடம் எங்கள் ஊர்க் கேள்வியை, ஆற்றை மேன் என்று கேட்கிறார்!

சொன்னேன். ஊர் கரவெட்டி. தகப்பனார் தந்திக் கந்தோரில் வேலை, அதனால் எங்களைத் தந்தியர் வீடு என்பார்கள். பிள்ளைகள் ஏழு, நான் மூன்றாவது. இருவர் இப்போது இல்லை.

"எங்களை இடக்கையர் வீடு என்பார்கள்" என்றார் அவர். பெயர் யூசேபியோ. "என் கொள்ளுத்தாத்தா யாருக்கோ இடக்கையால் ஒன்று போட்டாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாரும் வலக்கைக்காரர். பெயர் மட்டும் போகவில்லை."

"அடி வாங்கியவரின் குடும்பத்துக்கு என்ன பெயர்?"

அவர் தடியால் நிலத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அந்த வீட்டில்தான் நான் பெண் எடுத்தேன்!"

அதற்குப் பிறகு நான் ஒரு கேள்விகூடக் கேட்கவேண்டியிருக்கவில்லை. என் தம்பியைச் சொன்னால் அவர் தன் தம்பியைச் சொன்னார். என் பண்டகசாலையைச் சொன்னால் தான் வேலை செய்த பேக்கரியைச் சொன்னார். பிழையான வினைச்சொல் வந்தபோது அவர் கையால் அதைத் தள்ளிவிட்டு மேலே கேட்டார். நடுவில் எனக்குச் சம்மந்தியின் நினைவு வந்தது. எர்னெஸ்டோவிடம் நான் ஐந்து கேள்வி கேட்டேன். என்னைப் பற்றி ஒரு சொல் சொன்னேனா? யாழ்ப்பாணத்தாரிடையே அது தேவையில்லை, மற்றவர் அதே மூச்சில் திருப்பிக் கேட்டுவிடுவார். பொகோட்டாவில் இருப்பவருக்கு நான் யார்? மகளைக் கொண்டுபோகிறவர்கள், பனியில் நாள் வைத்தவர்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

மத்தியானம் ஜினெட் ஒரு பித்தளைச் சேவலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். யூசேபியோ விடைபெற்றுப் போய்க்கொண்டிருந்தார்.

"முக்கால் மணி நேரம் பேசினேன்!" என்றேன்.

"பதிவு செய்தீர்களா?"

தொலைபேசி சட்டைப்பையிலேயே இருந்தது. ஜினெட் இருமல் வரும்வரை சிரித்தார். சேவலையும் வாங்கில் இருத்தினார். "பரவாயில்லை, பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. ஸ்பானிஷ் பேசுகிற, நீங்கள் அறியாத ஒருவரைப் பிடியுங்கள்."

அப்படி ஒருவரின் எண் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் ஒரு மூலையில் இருந்தேன். பொகோட்டாவில் அப்போது காலை ஒன்பது. கோகுலனுக்குச் சொல்லவில்லை. அழைப்பை அமத்தினேன். மணி நாலு தரம் அடித்தது.

"டொன் எர்னெஸ்டோ, நான் கோகுலனின் தகப்பன். மகன் பக்கத்தில் இல்லை. நானே பேசுகிறேன். பிழை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்."

பெரியவர்களை ஸ்பானிஷில் மரியாதையாக டொன் என்பார்கள். அவர், "மெதுவாகப் பேசுங்கள். நானும் மெதுவாகப் பேசுகிறேன்" என்றார்.

நான் கேள்வி கேட்கவில்லை. தந்தியர் வீட்டு மூன்றாவது மகன் என்று தொடங்கினேன். ஏழு பேரையும் சொன்னேன். மொன்றியலுக்கு ஒரு பையோடு வந்ததையும், முதல் பனிக்காலத்தில் கையுறை இல்லாமல் காலுறையைக் கைக்குப் போட்டதையும் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார். ஊர் ஒரு மலைக் கிராமம், தகப்பனார் அங்கே கோவேறு கழுதை ஓட்டியவர். சகோதரங்கள் ஒன்பது, எட்டுப் பேருக்குக் கல்யாணமாகிவிட்டது, ஒருத்தி கன்னியாஸ்திரீ. மனைவி போய் நாலு வருடம். லூயிஸா ஒரே மகள். வசந்தத்தில் கேட்டதற்கெல்லாம் இலையுதிர்காலத்தில் பதில் வந்தது.

"உங்களை வரவிடாமல் செய்ய அந்த நாளை வைக்கவில்லை" என்றேன். "என் நாட்டில் தை மாதம் நல்ல மாதம். அறுவடை, வெயில், கல்யாணம். நாங்கள் கனடாவுக்கு மாதத்தைக் கொண்டுவந்துவிட்டோம், வெயிலைக் கொண்டுவர முடியவில்லை. அங்கே அது பனி என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. வெறும் முட்டாள்தனம், வேறொன்றுமில்லை. உங்கள் மகளை எங்கள் வீட்டுக்குத் தாருங்கள் என்று உங்களிடம் கேட்க எடுத்தேன். நீங்கள் கையைப் பிடித்துத் தராமல் அந்தக் கல்யாணம் எனக்குச் சரிவராது."

"இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்றார். "எல்லாரும் தகவல்தான் சொன்னார்கள்."

பிறகு அவரே கேட்டார்: "அங்கே குளிர் எப்படி?"

"கொஞ்சம்" என்றேன்.

"டொன் ரத்னா, நீங்கள் எல்லாவற்றையும் எண்ணுகிறவர் என்று மகள் சொன்னாள். எண்ணிச் சொல்லுங்கள்."

"பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து."

"கடவுளே! கம்பளி எத்தனை தருவீர்கள்?"

"ஆறு."

"ஆறு சரி" என்றார். "வருகிறேன்."

ஜினெட் கடைக்காரருக்கும் சேர்த்து வைன் வாங்கிக் கொடுத்தார். நான் பரிமளத்துக்கு எடுத்தேன். அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"கேட்டனீங்களோ? வாய் திறந்து கேட்டனீங்களோ?"

"ஓம். வாறாராம். ஆறு கம்பளி தாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆறோ? வீட்டில நாலுதானப்பா கிடக்கு! சரி, நல்ல கம்பளி எங்க வாங்கலாம் எண்டு அந்த ஜினெட்டை ஒருக்காக் கேளுங்கோ. அவ குளிருக்கையே பிறந்து வளந்தவ, அவவுக்குத் தெரியும்."